ஆனைச்சரிவு லேபிள்

உக்காரும்மா, பைய நான் எடுத்துக்கிடுதேன். கூச்சப்படாத, எனக்கு அம்பத்தெட்டு நடக்கு, உங்க அப்பா வயசு இருக்கும். மழைக்குப் பஸ்ஸு ஷட்டரை எல்லாம் இறக்கி விட்டுட்டானுவ, இனி நின்னுக்கிட்டே வந்தா ஒவ்வொரு வளைவுக்கும் எவன் மடியிலயாவது போயித்தான் விழணும். எங்க போற? ஆனைச்சரிவா. நல்லதாப் போச்சு, நானும் அங்கதான்.

எஸ்டேட் கிரஷ்ல வேலையா? பிள்ளைங்களப் பாத்துக்கிடுததா? எத்தன பிள்ளைங்க? பத்தொம்பதா. பரவால்ல, நான் ஒரு கிளாஸுக்கு அறுவது பேர மேய்க்கேன், ஆனா என் பிள்ளைங்க பாயில மூத்திரம் போவாது. சிரிக்காதம்மா, அது ஒண்ணுதான் வித்தியாசம்.

நான் பாளையங்கோட்டையில ஒரு காலேஜ்ல ப்ரொபசர். ஞானதுரைன்னு பேரு. வெலங்கியல். வெலங்கியல்னா ஆனை, புலின்னு நெனச்சிக்கிடாத. வண்டு. அதுலயும் எல்லா வண்டும் இல்ல, ஒரே ஒரு குடும்பத்து வண்டு. றெக்கைய மூடுத ஓடு இருக்கு பாரு, அது இதுக்கு முதுகுல பாதி வரைக்குந்தான் வரும். மிச்ச ஒடம்பு வெளிய கெடக்கும், தம்பி சட்டைய அண்ணனுக்குப் போட்டு விட்ட மாதிரி. வாலத் தூக்கிக்கிட்டு ஓடும். அரிசி நீளந்தான் இருக்கும். இருவத்தொம்பது வருஷமா நான் அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். என் பொஞ்சாதி கிரேஸ் கேப்பா, "இந்தச் சவத்தப் பாக்கதுக்கா எங்கப்பா ஒங்களுக்குக் கெட்டிக் குடுத்தாரு"ன்னு. அவளுக்கு வெளங்காது.

உனக்கும் வெளங்காதுதான். ஆனா உன்கிட்டச் சொன்னா எனக்கென்ன கெட்டுப் போச்சு, நீ என்ன ஆராய்ச்சிப் பேப்பரா எழுதப் போற? நெஞ்சுல ஒரு பாரமாவே கெடக்கும்மா. ஒரு பயலுக்கு என்னையக் கண்டா ஆவல. அவன் என் மானத்த வாங்காம விட மாட்டேன்னு நிக்கான். நீயே கேட்டுட்டுச் சொல்லு, எம்மேல என்ன தப்புன்னு.

மூணு வருஷத்துக்கு முந்தி குறுந்தோடை எஸ்டேட்டுக்குப் போனேன். உனக்குத் தெரிஞ்சிருக்கும், இந்த மலைக்கு அந்தப் பக்கம். மாணவங்களக் கூட்டிட்டுப் போயி பூச்சி பிடிக்கப் பழக்குதது. அங்க பேச்சித்தாய்னு ஒருத்தி, தேயிலைக் கொழுந்து எடுக்கவ. சும்மா வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னா. "ஏம்மா, குட்டச் சட்டை போட்ட மாதிரி, வாலத் தூக்கிக்கிட்டு ஓடுத பூச்சி எங்கயாவது பாத்தியா?"ன்னு கேட்டேன். மறுநாள் காலையில விக்ஸ் டப்பாவக் கொண்டாந்து நீட்டுதா. "சார், நீங்க கேட்ட குட்டச் சட்டக்காரன் இவந்தானா?"

டப்பாவத் தொறந்தேன். செவப்பும் கருப்புமா ரெண்டு கெடந்துச்சு. ஓட்டுல மட்டும் ஒரு நீலம். அந்த நீலத்த நான் எந்தப் பொஸ்தகத்துலயும் பாத்ததில்ல. ஊருக்கு வந்து மைக்ரோஸ்கோப்புல வச்சிப் பாத்தேன். ரெண்டும் ஆணு. புதுசா இல்லையான்னு தெரியணும்னா ஆணுக்கு ஒரு உறுப்ப வெளிய எடுத்துப் பாக்கணும், அதை உன்கிட்ட எப்படிச் சொல்லன்னு தெரியல, விடு. பாத்தேன். ஒலகத்துல எவனும் பாக்காதது. மேசையில தலைய வச்சி அழுதுட்டேன். அம்பத்தஞ்சு வயசு ஆம்பள அழுதேன்.

புதுசுன்னா பேரு வைக்கணும். நம்ம பேர நாமளே வச்சிக்கிட முடியாது. சட்டம்னு இல்ல, ஆனா வச்சா தொழில்ல இருக்க எல்லாவனும் காறித் துப்புவான். பேச்சித்தாய் கேட்டா, "என் பேர வைப்பியளா சார்?"ன்னு. விளையாட்டுக்குக் கேட்டாளோ என்னமோ, நானும் "வச்சிட்டாப் போச்சு"ன்னேன். ஆனா நீயே சொல்லு, எனக்கு ஒரு அப்பா இருந்தாரு. கோயில் பிள்ளை. கோயில் பிள்ளைன்னா பெருசா எண்ணிராத, சர்ச்சுல மணி அடிக்கணும், பெருக்கணும், சாவு விழுந்தா குழி வெட்ட ஆளு பாக்கணும். சாவுத வரைக்கும் எங்க ஊர்ல ஒருத்தனும் அவரப் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. "ஏ கோயிலு, இங்க வா." அம்புட்டுத்தான். வேதமாணிக்கம்னு அவருக்கு ஒரு பேரு இருந்ததே கல்லறையில எழுதின பெறவுதான் பல பேருக்குத் தெரியும்.

அந்தப் பேர வச்சேன். ரெண்டு வருஷம் யோசிச்சேம்மா, லத்தீன்ல எப்படி முடிக்கணும், எந்த எழுத்துப் போடணும்னு. ஒலகம் இருக்க வரைக்கும் அந்த வண்டுக்கு எங்கப்பா பேரு. பேப்பர் வந்த வாரம் எங்க சர்ச்சுல அறிவிப்புல வாசிச்சாவ. மொத வரிசையில ஒக்காந்திருந்த பெரிய வீட்டுக்காரங்க எல்லாம் திரும்பி என்னையப் பாத்தாவ. அந்த ஒரு நாளு போதும்மா எனக்கு.

பேச்சித்தாய விட்டுறல. பேப்பர்ல கடைசியில நன்றி சொல்லியிருக்கேன். 'உள்ளூர் மக்கள்'னு.

இப்போதான் அந்தப் பய வாரான். ஜோபின்னு பேரு, திருச்சூர்ப் பக்கம். அவனும் இதே வண்டுதான் பாக்கான். நல்லாப் பேசுவான், சார் சார்ம்பான், அதுதான் எனக்குப் பிடிக்காது. எங்க தொழில்ல ஒரு வழக்கம் உண்டு. மொதல்ல கெடச்சதுல நல்லதா ஒண்ண எடுத்து, சின்ன முக்கோண அட்டையில பசை போட்டு ஒட்டி, ஊசில குத்தி நிறுத்துவோம். அதுதான் மூலச் சாட்சி. இனி எவன் அந்த வண்டப் பத்தி வாயத் தொறந்தாலும் அந்த ஒண்ணோட ஒப்பிட்டுத்தான் பேசணும். ஊசிக்கு அடியில நகத்தளவு லேபிள். எந்த எடம், எந்தத் தேதி, யாரு பிடிச்சா. லேபிள் இல்லாத வண்டு வெறுங் குப்ப.

நான் ஒழுங்காத்தான் எழுதினேன், கேளு. கையால, கருப்பு மையில, 'குறுந்தோடை எஸ்டேட், தொழிலாளர் லயன் வீடுகளுக்குப் பின்னால, ஓடை'ன்னு எழுதி ஊதிக்கிட்டு இருக்கேன். வாசல்ல ஜோபி நிக்கான். எதோ வைவா நடத்த வந்தவன், பாத்துட்டுப் போலாம்னு வந்தானாம். நான் மறைக்கதுக்குள்ள மைக்ரோஸ்கோப்புல குனிஞ்சிட்டான். ரொம்ப நேரம் நிமிரவே இல்ல. பெறவு மெதுவாக் கேட்டான். "சார், இது எவிட இருந்து?"

என் வாயில வந்துட்டு, "ஆனைச்சரிவு"ன்னு.

ஏன் வந்துச்சுன்னு கேக்காத. நெசத்தச் சொன்னா மறுவாரமே அவன் பத்துப் பேரோட குறுந்தோடையில எறங்கி எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிருவான். அங்க இன்னும் நாலஞ்சு புது வண்டு கெடக்கும்னு எனக்கு ஒரு எண்ணம். அவன் போன பெறவு பழைய லேபிளக் கிழிச்சிட்டுப் புதுசு எழுதினேன். 'ஆனைச்சரிவு, சோலைக்காடு, நீரோடைக் கரை. பிடித்தவர் ஞானதுரை.' இன்னொண்ணும் சொல்லுதேன், குறுந்தோடை ஓடைன்னா என்ன ஓடை? லயன் வீட்டுக் கக்கூஸ் தண்ணி ஓடுத சாக்கடை. எங்கப்பா பேர அந்தச் சாக்கடையிலயா கொண்டு போய் வைக்க முடியும்? சோலைக்காடுன்னா படிக்கதுக்கே நல்லா இருக்கு. அடுத்த பேப்பர்ல திருத்திக்கிடலாம்னுதான் நெனச்சேன். அரப் பக்கம் எழுதினாப் போதும், முடிஞ்சி போச்சு.

ஆனைச்சரிவுக்கு நான் வந்தே இருக்கேன், தொண்ணூத்தெட்டுல, ஒரு கேம்ப்புக்கு. பொய்யின்னு ஒரேயடியாச் சொல்லிற முடியாது.

இந்த வண்டுல ஒரு கோளாறு உண்டு. கடிக்காது, கொட்டாது. ஆனா மேல ஊறையில அடிச்சி நசுக்கிட்டோம்னு வையி, உள்ள இருக்க தண்ணி தோலுல பட்டு வெந்த மாதிரி ஆயிரும். அன்னைக்கு ஒண்ணும் தெரியாது. மறுநாளு கோடு கோடாக் கொப்புளிக்கும். சமவெளியில இதோட பங்காளி ஒருத்தன் உண்டு, ஆசிட் பூச்சிம்பாவ, பத்து நாள்ல ஆறிரும். இது அவனவிட நாலு மடங்கு. இந்தா, மணிக்கட்டப் பாரு, இது வடு. பட்ட ஒடனே சோப்புப் போட்டுக் கழுவிரணும், கழுவின கைய வேற எடத்துல வைக்கப்பிடாது. முக்கியமாக் கண்ணுல. அம்புட்டுத்தான் வைத்தியம். நான் ஒடனே கழுவினேன், அதனாலதான் இவ்வளவோட போச்சு.

போன ஐப்பசி மழைக்குக் குறுந்தோடையில அது பெருத்துப் போச்சு. எஸ்டேட்காரன் லயன் பூரா புது வெள்ளை லைட்டா மாட்டியிருக்கான், சாயங்காலம் ஆனா அந்த வெளிச்சத்துக்கு ஓடையில இருந்து ஏறி வருது. பேச்சித்தாய் போன்ல சொன்னா. கழுத்துல, கன்னத்துல, அக்குள்ல, வீட்டுக்கு ரெண்டு பேருக்குக் கொப்புளம். சனங்க அக்கின்னு நெனச்சி, கீழ எறங்கிக் குசவருட்டப் போயி காவி மண்ணுல அக்கி எழுதிட்டு வந்திருக்கு. பாவம், என்ன தெரியும் அதுகளுக்கு.

எஸ்டேட் ஆஸ்பத்திரியில ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. மீனலோசனி. கெட்டிக்காரப் பிள்ள. அவ இண்டர்நெட்ல தேடி என் பேப்பரப் பிடிச்சிட்டா. ஒரு நாளு போன் அடிக்கி. "சார், ஒங்க பேப்பர்ல இருக்க வண்டு ஆனைச்சரிவுச் சோலையில மட்டுந்தான்னு போட்டிருக்கு. கீழ குறுந்தோடையில இருக்க வாய்ப்பு உண்டா சார்? இங்க வார கேஸு எல்லாம் அது மாதிரியே இருக்கு."

நான் அப்போ பரீட்சைப் பேப்பர் திருத்திக்கிட்டு இருந்தேன். செவப்புப் பேனா கையில இருக்கு. உண்டுன்னு சொன்னா, எப்படித் தெரியும்னு கேப்பா. எப்போ பாத்தியன்னு கேப்பா. அவ எங்கயாவது எழுதுவா, அது ஜோபி கண்ணுல படும். நான் சொன்னேன், "அந்த உயரத்துல அது இருக்காதும்மா. நான் அந்தப் பள்ளத்தாக்க மூணு வருஷமாப் பாக்கேன், ஒண்ணு கூட கெடையாது." அவ தேங்க்யூ சார்னு சொல்லி வச்சிட்டா. பெறவு என்ன செய்வா, சனங்க சொல்லுத மாதிரி அக்கிதான்னு முடிவு பண்ணி அதுக்கு உண்டான மாத்திரையக் குடுத்திருக்கா. கேட்டியா, நான் ஒரே ஒரு வரிதான் சொன்னேன். வைத்தியம் பாக்கது அவ வேலையா, என் வேலையா?

பேச்சித்தாய்க்கு ஒரு பிள்ள. கழுத்துல எதோ ஊறுதுன்னு தட்டிட்டு அந்தக் கையால கண்ணக் கசக்கியிருக்கு. எமையெல்லாம் வீங்கி, அது மேலயும் அக்கி எழுதி, மண்ணு உள்ள எறங்கி, சீழ் வச்சி, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போவதுக்குள்ள இடது கண்ணு போயிட்டு. வெள்ளையா இருக்கும்மா. நான் பாத்தேன். எனக்கு ரெண்டு நாளு சோறு எறங்கல, சத்தியமாச் சொல்லுதேன். ஆனா மூணாம் நாளு ஒக்காந்து நிதானமா யோசிச்சேன். காவி மண்ணப் பூசினது யாரு? நானா பூசினேன்?

திருத்தி எழுதிர வேண்டியதுதானன்னு கேக்க. நியாயம். எழுதலாம். பேரு போவாது, எங்கப்பா பேரு நிக்கும், அது எங்க சட்டம். ஆனா அந்தப் பேருக்குக் கீழ காலம் பூரா ஒரு வரி நிக்கும், ஞானதுரை லேபிளப் பொய்யா எழுதினான்னு. அடுத்து டாக்டரம்மா கேப்பா, அன்னைக்கு ஏன் சார் இல்லன்னு சொன்னியன்னு. மே மாசம் எனக்கு ரிட்டயர்மெண்ட். மாலை போடப் போறாவ. இருவத்தொம்பது வருஷத்துக்கு இதுவா மிஞ்சணும்? எனக்குப் பயமா இருக்கும்மா. வெளிய சொல்லல, கிரேஸ்கிட்ட கூடச் சொல்லல. பயமா இருக்கு.

அந்த ஜோபி விடுதானா. அவனுக்கு ஜீன் பாக்கணுமாம், புதுசாப் பிடிச்ச வண்டு வேணுமாம். எங்க தொழில்ல லேபிள்ல போட்ட எடத்துக்கே போயித் திருப்பிப் பிடிச்சாத்தான் மதிப்பு. உங்க ஆனைச்சரிவுக்கு ரெண்டு தடவை வந்துட்டுப் போயிருக்கான். நீ பாத்திருப்ப, தாடி வச்சிருப்பான், வெள்ளைத் துணிய விரிச்சி லைட்டு போட்டு ஒக்காந்திருப்பான். ஆமா, அவந்தான். ஒண்ணு கூட கெடைக்கல. எப்படிக் கெடைக்கும்? எனக்குக் கடுதாசி எழுதுதான், "எடம் ஒருக்கால் மாறிப் போயிருக்குமோ சார், வயசாக வயசாக எனக்கே மறதி வருது"ன்னு. முப்பத்தஞ்சு வயசுப் பய எழுதுதான். எப்படிக் குத்துதான்னு பாரு. இப்போ வார புதன்கெழமை மூணாவது தடவை வாரான். கூட மியூசியத்துல இருந்து ரெண்டு பேரு. கெடைக்கலன்னா எழுதிருவேன்னு சொல்லாமச் சொல்லிட்டான்.

அதான் நான் இன்னைக்கு வாரேன்.

என் மடியில இருக்கே, இந்தப் பெட்டி. கேக்கணும்னு நெனச்சிக்கிட்டேதான இருக்க, நானே சொல்லிருதேன். உள்ள எரநூத்திப் பத்து இருக்கு. உயிரோட. ஈரப் பாசி போட்டு வச்சிருக்கேன். அதுல நூத்தித் தொண்ணூறு பெண்ணு, முட்டையோட. ஒரு மழை போதும்மா, உங்க ஆனைச்சரிவு பூரா அது இருக்கும். புதன்கெழமை ஜோபி துணிய விரிச்சான்னா மொத ஆளா வந்து ஒக்காரும். அப்போ எம் பேப்பர் பொய்யில்ல. மாறிப் போச்சா, மறதியான்னு ஒருத்தன் கேக்க முடியாது. லேபிள மாத்தினாத்தான அசிங்கம்? எடத்த மாத்திட்டா?

யாரு பிடிச்சான்னா கேக்க? பேச்சித்தாய்தான். வேற யாரு அவள மாதிரி பிடிப்பா. நான் போயி நின்ன ஒடனே வாளியத் தூக்கிட்டு ஓடைக்கு எறங்கிட்டா. பிள்ளைய மதுர கண்ணாஸ்பத்திரியில காட்டணும்னு சொன்னா, எனக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்காரு, எழுதித் தாரேன்னு சொல்லியிருக்கேன். எழுதிக் குடுப்பேன், இந்த வேலை முடியட்டும். எல்லாத்தையும் பிடிச்சிப் போட்டுட்டு மூடிய மூடும்போது கேட்டா. "சார், நெசத்தச் சொல்லுங்க, எம் பிள்ள கண்ண எடுத்தது இவந்தானா?"

இல்லம்மா, இது வேறன்னுட்டேன்.

நம்பிட்டா. நல்ல மனுஷி. என் கையால ஒரு சோப்பு வாங்கிக் குடுத்துட்டு வந்தேன், கையக் கழுவிக்கோன்னு. ஏன்னு சொல்லல.

இப்போ எனக்கு ஒரு ஒத்தாசை வேணும் உன்னால. சோலைக்காட்டுல கொண்டு விடலாம்னு பாத்தா செக்போஸ்ட்ல பெர்மிட் கேப்பான், பெட்டியத் தொறங்கம்பான். உங்க லயன் பக்கம் எங்கயாவது ஈரமான எடம் உண்டா? நெழலா, மக்கின எலை கெடக்க மாதிரி. கிரஷுக்குப் பின்னாலயா? நீதான ஏறும்போது அந்த அக்காகிட்டச் சொல்லிக்கிட்டு இருந்த, பின்னால ஓடை ரொம்பிட்டு, துணி காயப் போட முடியலன்னு. அது போதும். அதுவே போதும்மா. அங்கன லைட்டு உண்டா, வெள்ளை லைட்டா? சன்னலுக்கு வலை கெடையாதுல்ல.

பயப்படாத. பிள்ளைங்க மேல ஊறினா அடிக்கப்பிடாது, ஊதி விட்டுறணும். இதச் சொல்லிக் குடுத்தா மூணு வயசுப் பிள்ளைக்குக் கூடத் தெரிஞ்சிரும். நீ ஒருத்தி வெவரமா இருந்தாப் போதும், பத்தொம்பதும் பத்திரமா இருக்கும். பாரு, குறுந்தோடைக்காரங்களுக்கு இல்லாத வசதி உங்களுக்கு இருக்கு. நான் முன்கூட்டியே சொல்லிட்டேன்.

என்னம்மா, மொகம் ஒரு மாதிரி ஆயிட்டே, வளைவு ஒத்துக்கிடலையா? எலுமிச்சம்பழம் இருக்கு, தரட்டா?

என்ன கேட்ட? வண்டி எரைச்சல்ல சரியாக் கேக்கல.

அந்தப் பிள்ள பேரா? எந்தப் பிள்ள? பேச்சித்தாய் பிள்ளையா.

பொம்பளப் பிள்ள. ஆறு வயசு. இல்ல, ஏழாயிருக்கும். அவ சேலையப் பிடிச்சிக்கிட்டேதான் நிக்கும். நான் போனா மாமாக்கு வணக்கம் சொல்லும்பா, சொல்லும். பேரு வந்து... பாப்பான்னுதான் கூப்பிடுவா. பேரு நான் கேக்கலையேம்மா. மூணு வருஷமாப் போய்ட்டு வாரேன், கேக்கத் தோணல. அது எதுக்கு இப்போ உனக்கு?

எங்க எந்திரிக்க? ஸ்டாப்பு இன்னும் வரலையே. வண்டி ஆடுது, உக்காரு. கண்டக்டர எதுக்குக் கூப்பிடுத? ஏம்மா, நான் உன்னைய நம்பித்தான சொன்னேன், ஒரு மனுஷன் மனசுல இருக்கதச் சொன்னா அத ஊருக்கெல்லாம் போடுததா? மெதுவாப் பேசு. மெதுவாப் பேசுங்கம்மா. உங்களத்தான்.

ஒண்ணுமில்லங்க கண்டக்டர், அந்த அம்மா தப்பா வெளங்கிக்கிட்டாங்க. நான் ப்ரொபசர். இது காலேஜ் சாமான். முன் சீட்டு அண்ணாச்சி, நீங்க எதுக்கு எந்திரிக்கிய? பெட்டியத் தொடாதீங்க. சொன்னாக் கேளுங்க, பெட்டியில கைய வைக்காதீங்க. மூடி துணிதான், ஒரு நூலுதான் சுத்தியிருக்கேன். இழுத்தா வந்துரும். ஷட்டரு பூரா எறக்கியிருக்கு. உள்ள லைட்டு எரியுது. பிள்ளைங்க வேற தூங்குது மடியில. நூலு என் கையிலதான் இருக்கு, அண்ணாச்சி, நான் ஒருத்தருக்கும் கெடுதல் நெனச்சவன் கெடையாது. நீங்களா என்னையப் பண்ண வைக்காதீங்க.

உக்காருங்க. எல்லாரும் உக்காருங்க. இன்னும் ரெண்டு வளைவுதான் இருக்கு.